யார் கணக்கில் வாங்கப்படுகிறது நெல்?

குற்றாலத்தில் சாரல் விழத் தொடங்கும்போது தென்காசி வட்டாரத்தில் கார் சாகுபடியும் தொடங்குகிறது. ஆரியங்காவுக் கணவாய் வழியே நுழையும் தென்மேற்குப் பருவக்காற்று சிற்றாற்றையும் அனுமன் நதியையும் நிரப்புகிறது. குண்டாறு, அடவிநயினார், கருப்பாநதி, ராமநதி, கடனா அணைகள் அந்த நீரைத் தேக்கி வயலுக்கு அனுப்புகின்றன. கார் புரட்டாசி வாக்கில் களத்துக்கு வரும். வடகிழக்குப் பருவமழையை நம்பி நடும் பிசானம் மாசி, பங்குனியில் வரும். டெல்டாவின் குறுவை, சம்பா, தாளடியோடு இந்தப் பருவங்கள் முழுதும் ஒத்துப்போவதில்லை. காவிரிப் படுகையைப்போல ஒரே விரிப்பில் பல்லாயிரம் ஏக்கர் விளையும் நிலமும் இதுவன்று. குளத்துப் பாசனத்திலும் கால்வாய்ப் பாசனத்திலும் சிதறிக் கிடக்கும் இந்த நெல்லை அரசு வாங்க நினைக்கும்போதெல்லாம் விவசாயிக்கும் அரசுக்கும் நடுவில் ஒருவர் வந்து நிற்கிறார். குத்தகைதாரர், உரிமம் பெற்ற மொத்த வியாபாரி, கொள்முதல் முகவர், அரவை முகவர் என்று காலத்துக்கு ஒரு பெயர் அவருக்கு. தானிய வணிகத்தில் அரசின் கட்டுப்பாடு வேண்டுமா வேண்டாமா என்றுதான் நாம் வழக்கமாக விவாதிக்கிறோம். அதற்கு முன்பே தீர்க்கவேண்டிய கேள்வி, இந்த இடைத்தரகர் யார் கணக்கில் நெல்லை வாங்குகிறார் என்பது. கட்டுப்பாடு வென்றதும் தோற்றதும் பெரும்பாலும் இதைப் பொறுத்தே அமைந்தன என்பது இக்கட்டுரையின் வாதம்.

அரசு ஏன் தரகரை நியமிக்கிறது? எந்த ஊரில் எவ்வளவு விளைந்தது, யாரிடம் விற்க மிச்சம் இருக்கிறது, எந்த விலைக்கு அது வெளியே வரும் என்பவை அரசுக்குத் தெரியாது, வியாபாரிக்குத் தெரியும். அந்த அறிவை விலைக்கு வாங்கும் வழியே நியமனம். 16ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் தானியத்தை ஓரிடத்தில் வாங்கி இன்னோரிடத்தில் விற்பவர் உள்ளூர் நீதிபதிகளிடம் உரிமம் பெறவேண்டும் என்று சட்டம் வந்தது. சிங் அரச மரபின் காலச் சீனத்தில் சந்தைத் தரகர்கள் அரசின் உரிமச் சீட்டோடுதான் இயங்க முடியும். விலையையும் வியாபாரிகளின் நடத்தையையும் கண்காணிப்பது அவர்கள் பொறுப்பு. இரண்டு இடங்களிலும் அரசு தரகருக்குச் சம்பளம் தரவில்லை. ‘இந்தச் சந்தையில் நீ நிற்கலாம்’ என்ற உரிமையே கூலியாக இருந்தது. செலவில்லாத நிர்வாகமாகத் தோன்றும் இந்த ஏற்பாட்டின் செலவை விற்பவரும் வாங்கி உண்பவரும் ஏற்றார்கள். உரிமையைக் கூலியாகக் கொடுக்கும் அரசு, அந்த உரிமையைக் கொண்டு எவ்வளவு ஈட்டப்பட்டது என்று பிறகு கணக்குக் கேட்கும் தகுதியையும் பெரும்பாலும் இழந்துவிடுகிறது.

திருநெல்வேலிச் சீமைக்கு இந்தச் சிக்கல் புதிதன்று. ஆற்காட்டு நவாபின் காலத்தில் இச்சீமையின் வரிவசூல் குத்தகைக்கு விடப்பட்டது. கம்மந்தான் கான் சாகிப் என்று மக்கள் அறிந்த முகமது யூசுப் கானும் மதுரை, திருநெல்வேலிச் சீமைகளைக் குத்தகைக்கு எடுத்து ஆண்டவரே. நஞ்சையில் அரசின் பங்கான மேல்வாரம் நெல்லாகவே வந்தது. நெல்லாக வந்ததை யாராவது விற்றுப் பணமாக்கவேண்டும். அந்த வேலையைக் குத்தகைதாரரிடம் ஒப்படைத்தால், வரி வாங்குபவரும் சந்தையின் பெரிய நெல் வியாபாரியும் ஒருவரே ஆகிவிடுகிறார். விலை ஏறினால் அவருக்கு லாபம். கும்பினி ஆட்சி 1820களில் கொண்டுவந்த ‘ஒழுங்கு’ முறை இதிலிருந்து நழுவுவதற்கான ஒரு வழி. தீர்வையை நெல் அளவில் நிர்ணயித்து, அதைச் சந்தை விலையை ஒட்டிப் பணமாக மாற்றி வசூலித்தார்கள். அரசு நெல் வியாபாரத்திலிருந்து விலகியது. விற்கும் பாரம் விவசாயியின் தலைக்கு மாறியது. அறுத்த உடனே கிஸ்தி கட்டப் பணம் தேவைப்பட்டவர், கையில் ரொக்கம் வைத்திருந்த வியாபாரியைத் தேடிப் போனார். அரசு விலகிய இடத்தில் அரசு நியமிக்காத தரகர் வந்து அமர்ந்தார். எனவே, நியமனத்தை நீக்கினாலே தரகு ஒழிந்துவிடும் என்று நினைப்பதற்கு இந்த மண்ணின் வரலாற்றில் இடமில்லை.

கட்டுப்பாடு அதன் முழு உருவத்தில் வந்தது இரண்டாம் உலகப் போரில். 1942 மார்ச்சில் ரங்கூன் ஜப்பானியர் கைக்குப் போனதும் பர்மா அரிசி நின்றது. தேவையில் பாதிக்கு மேல் வெளியரிசியை நம்பியிருந்த திருவிதாங்கூர் முதலில் தடுமாறியது. சென்னை மாகாணமும் பற்றாக்குறைக்குள் வந்தது. அரசின் அனுமதிச் சீட்டு இல்லாமல் ஒரு மாகாணத்திலிருந்து இன்னொன்றுக்குத் தானியம் போகக்கூடாது என்றானது. தென்காசிக்கு இது வெறும் நிர்வாகச் செய்தியாக இருந்திருக்க முடியாது. அப்போது செங்கோட்டை திருவிதாங்கூரின் பகுதி. 1956 நவம்பர் 1 அன்றுதான் தமிழகத்தோடு சேர்ந்தது. தென்காசி பிரிட்டிஷ் திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்தது. சில மைல் தொலைவில் உள்ள இரண்டு ஊர்களுக்கு இடையே, 1904 முதல் கொல்லம் வரை ரயில் ஓடிய பாதையில், அரிசிக்கு மட்டும் ஒரு நாட்டெல்லை எழுந்தது. எல்லையின் இருபுறமும் விலை வேறு, பங்கீடு வேறு. இத்தகைய இடத்தில் அனுமதிச் சீட்டு வைத்திருப்பவரின் கையிலுள்ள காகிதம் நெல்லைவிட விலை உயர்ந்ததாகிவிடும். ஆணை எவ்வளவு கடுமையானது என்பதைக்காட்டிலும், அந்தச் சீட்டு யாருக்கு, எந்தக் கணக்கில் கொடுக்கப்பட்டது என்பதே இங்கு முடிவைத் தீர்மானிக்கும்.

சென்னை அரசு அன்று எல்லாவற்றையும் தானே வாங்க முயலவில்லை. கொள்முதல் அதிகாரிகளை நியமித்தது. உரிமம் பெற்ற வியாபாரிகளையும் ஆலைக்காரர்களையும் கருவியாக்கிக் குறித்த விலையில் வாங்க வைத்தது. கர்ணம் எழுதிய கிராமக் கணக்கு அரசின் கையில் இருந்ததால், யாரிடம் எவ்வளவு மிச்சம் இருக்கக்கூடும் என்று ஓரளவு கணிக்க முடிந்தது. வங்காளத்தின் நிலை வேறு. அங்கே நிரந்தர ஜமீன்தாரி ஏற்பாட்டில் ஊர்தோறும் விளைச்சலைப் பதியும் அரசுப் பணியாளர் அமைப்பு வலுவாக இல்லை. 1942இல் கடலோர மாவட்டங்களில் ஜப்பானியருக்குக் கிடைக்காதபடி அரிசியை அகற்ற அரசு முகவர்களை நியமித்தது. 1943இல் இஸ்பஹானி நிறுவனம் அரசின் ஒரே கொள்முதல் முகவராக ஆனது. அந்தக் குடும்பத்தைச் சேர்ந்த ஒருவர் ஆளுங்கட்சியான முஸ்லிம் லீகின் முக்கியத் தலைவர். நிறுவனம் கொள்ளை லாபம் அடித்தது என்று எதிர்க்கட்சிகள் குற்றம்சாட்டின. குற்றச்சாட்டு எவ்வளவு மெய் என்பது தனி விவாதம். முகவரின் கணக்கை அரசியலில் எவரும் நம்பாத நிலையில் அவர் கிராமத்துக்குள் போய் ‘அரசுக்காக வாங்குகிறேன்’ என்றபோது அந்தச் சொல்லுக்கு மதிப்பில்லாமல் போயிற்று என்பதே நமக்கு முக்கியம். பஞ்சத்தில் 15 லட்சம் பேர் இறந்ததாக உட்ஹெட் விசாரணைக் குழு மதிப்பிட்டது. பின்னர் வந்த ஆய்வாளர்களின் மதிப்பீடு 20 லட்சத்தைத் தாண்டும். தரகர் நியமனம் பஞ்சத்தின் ஒரே காரணம் என்று யாரும் சொல்ல முடியாது. போர்க்காலப் பணவீக்கம், புயல், படகு அகற்றல், மாகாணங்களின் எல்லைத் தடை என்று காரணங்கள் பல. ஆனால் கிராமக் கணக்கு இல்லாத அரசு ஒற்றை முகவரை நம்பும்போது என்ன ஆகும் என்பதற்கு வங்காளத்தைவிடக் கடுமையான சாட்சி இல்லை.

இங்கே ஓர் எதிர்வாதம் வரும். இத்தனை சிக்கல் எதற்கு, வணிகத்தைச் சுதந்திரமாக விட்டுவிட்டால் போதாதா? ஆடம் ஸ்மித் 1776இலேயே தானியப் பதுக்கல் பற்றிய மக்களின் அச்சத்தைச் சூனியக்காரி பற்றிய அச்சத்தோடு ஒப்பிட்டார். தமிழ்நாட்டில் இதற்கு எல்லோரும் காட்டும் சான்று ராஜாஜி. 1952 ஏப்ரலில் முதலமைச்சரானவர் ஜூனில் ரேஷன் முறையையும் தானியக் கட்டுப்பாட்டையும் எடுத்தார். பெரும் நெருக்கடி எதுவும் வரவில்லை. ஆனால் அதற்கு நான்கரை ஆண்டு முன்பு, 1947 டிசம்பரில், காந்தியின் வலியுறுத்தலை ஒட்டி மத்திய அரசு இதே கட்டுப்பாட்டை நீக்கியிருந்தது. விலைகள் பாய்ந்தன, 1948 செப்டம்பரில் மீண்டும் கட்டுப்பாடு வந்தது. ஒரே மருந்து ஒருமுறை பலித்து, ஒருமுறை பலிக்காமல் போனது ஏன்? 1952இல் கொரியப் போர்க்கால விலையேற்றம் உலகச் சந்தையில் தணிந்திருந்தது. மத்தியக் கையிருப்பிலிருந்து தானியம் தரும் நிலையில் உணவு அமைச்சர் ரஃபி அகமது கித்வாய் இருந்தார். அரசிடம் கையிருப்பு உண்டு என்று தெரிந்த வியாபாரி பதுக்கத் துணியமாட்டார். ஆக, ராஜாஜியின் வெற்றி அரசின் பங்கே தேவையில்லை என்பதற்குச் சான்றாகாது. விற்பவருக்கும் வாங்குபவருக்கும் இன்னொரு வழி இருக்கும்வரைதான் வணிகச் சுதந்திரம் நல்ல பலன் தரும் என்பதையே அது காட்டுகிறது. ஏகபோகம் அரசின் பெயரில் வந்தாலும் தனியாரின் பெயரில் வந்தாலும் விவசாயிக்கு அடைபடும் வழி ஒன்றுதான்.

1957இல் ஆந்திரம், சென்னை, மைசூர், கேரளம் நான்கும் சேர்ந்து தென் உணவு மண்டலமானபோது ஆரியங்காவுக் கணவாய் அரிசிக்குத் திறந்தது. 1964இல் ஒவ்வொரு மாநிலமும் தனி மண்டலமானபோது மறுபடி மூடியது. 1952இல் கட்டுப்பாட்டை நீக்கிய ராஜாஜி அமைச்சரவையில் இருந்த சி.சுப்பிரமணியம், மத்திய உணவு அமைச்சராக இருந்தபோதுதான் 1965 ஜனவரியில் இந்திய உணவுக் கழகம் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு தொடங்கியது. 1972இல் தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகம் வந்தது. நேரடி நெல் கொள்முதல் நிலையம் என்ற அமைப்பு அதன் வழியே வேரூன்றியது. 2002 அக்டோபர் முதல் பரவலாக்கப்பட்ட கொள்முதல் திட்டத்தில் மாநிலமே மத்தியத் தொகுப்புக்கு வாங்குகிறது. வாங்கும் இடத்தில் தரகரை விதிப்படி நீக்கிய சாதனை இது என்பதில் ஐயமில்லை. ஆனால் வாங்கியபின் நெல் அரிசியாகவேண்டும். அந்த வேலையில் பெரும்பகுதி இன்றும் தனியார் அரவை முகவர்களிடம். லாரி ஒப்பந்ததாரரும் தனியாரே. நூறு கிலோ நெல்லுக்குப் புழுங்கலரிசி 68 கிலோ, பச்சரிசி 67 கிலோ திரும்பவேண்டும் என்பது விதி. இங்கே முகவர் கூலிக்கு அரைப்பவர். நெல்லும் அரிசியும் அரசின் கணக்கில் நிற்கின்றன. அவர் தவறு செய்தால் எடையில் தெரியும். இதே நியமனம் 1943இன் வங்காளத்தில் அழிவுக்கு ஒரு காரணமாகி, இங்கே தணிக்கைக்கு உட்பட்ட ஒரு சேவையாக ஓடுவதற்குக் காரணம் இந்தக் கணக்குதான்.

இந்த வேறுபாட்டை உச்ச நீதிமன்றம் 1960களின் தொடக்கத்திலேயே சொல்லிவிட்டது. ஒடிசா அரசு 1961இல் கெந்து இலை வணிகத்தைத் தன் ஏகபோகமாக்கிச் சட்டம் செய்தது. ஆலங்குளம், கடையநல்லூர்ப் பக்கம் பெண்கள் பீடி சுற்றும் இலை இது. அகாதசி பாதான் தொடர்ந்த வழக்கில் நீதிமன்றம் சட்டத்தை ஏற்றது. அரசு முகவர்களோடு செய்திருந்த ஒப்பந்தத்தை ஏற்கவில்லை. முகவர் அரசுக்காக வாங்கி, அரசுக்காக விற்று, லாப நட்டத்தை அரசின் கணக்கில் சேர்த்தால் அது அரசு வணிகம். தன் கணக்கில் வாங்கித் தானே லாபம் எடுத்தால் அது அரசின் பெயரில் நடக்கும் தனியார் ஏகபோகம் என்பது தீர்ப்பின் சாரம். அதே காலகட்டத்தில் அஸ்ஸாமின் 1961ஆம் ஆண்டு தானிய உரிம ஆணையும் நீதிமன்றம் வந்தது. கூட்டுறவுச் சங்கத்துக்கு முன்னுரிமை தரலாம், ஆனால் ஒரே சங்கத்துக்கு ஏகபோகம் கிடைக்கவேண்டும் என்பதற்காக மற்ற வியாபாரிகளுக்கு உரிமம் மறுப்பது பாகுபாடு என்று மன்னாலால் ஜெயின் வழக்கில் தீர்ப்பானது. தரகருக்குப் பதில் கூட்டுறவு என்ற மாற்று, கேட்க இனிக்கும். சங்கத்தின் பெயர்ப்பலகை நல்லதாக இருப்பதால் ஏகபோகம் நல்லதாகிவிடாது என்பதை இந்தத் தீர்ப்பு நினைவூட்டுகிறது.

இன்றைய தென்காசிக்கு வருவோம். 2019 நவம்பர் 22 அன்று தனி மாவட்டமான பின்னும் கொள்முதல் அமைப்பின் மையம் டெல்டாவிலேயே இருக்கிறது. அதிக நெல் அங்கே வருவதால் அது இயல்பும்கூட. 2025-26 பருவத்துக்கு மாநில ஊக்கத்தொகையும் சேர்த்து சன்ன ரகத்துக்குக் குவிண்டாலுக்கு 2,545 ரூபாயும் பொது ரகத்துக்கு 2,500 ரூபாயும் அரசு அறிவித்தது. இந்த விலை கிடைக்க நிலையம் அறுவடை நாளில் திறந்திருக்கவேண்டும். ஈரப்பதம் 17 விழுக்காட்டுக்குள் இருக்கவேண்டும். சிட்டா, அடங்கல் விவசாயியின் பெயரில் இருக்கவேண்டும். மழை மிரட்டும் கார் அறுவடையில் நெல்லைக் களத்தில் போட்டுக் காத்திருக்க முடியாது. வாய்மொழிக் குத்தகையில் பயிரிடுபவரிடம் பட்டா இருக்காது. அவர் களத்துக்கே வரும் வியாபாரிக்குக் குறைந்த விலையில் கொடுக்கிறார். அந்த வியாபாரி பட்டா வைத்திருக்கும் இன்னொருவர் பெயரில் அதே நெல்லை நிலையத்தில் போடுகிறார் என்ற புகார் தமிழகம் முழுவதும் உண்டு. நிலையங்களில் மூட்டைக்கு இவ்வளவு லஞ்சம் என்று கேட்டு வாங்குகிறார்கள் என்ற புகார் 2020இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை வரை சென்றது. இதையெல்லாம் பார்க்கும்போது, ‘நேரடி’ என்ற சொல் தரகரை ஒழிக்கவில்லை, அவரைக் கணக்குக்கு வெளியே தள்ளியிருக்கிறது என்றே முடிவு செய்யவேண்டியிருக்கிறது. நியமிக்கப்பட்ட தரகருக்கு ஓர் உரிம எண்ணாவது உண்டு. பட்டாதாரர் பெயருக்குப் பின்னால் நிற்பவருக்கு அதுவும் இல்லை.

இதற்கு மாற்றாக இரண்டு முன்மாதிரிகள் கண்முன் இருக்கின்றன. பஞ்சாபில் ஆர்த்தியா எனப்படும் கமிஷன் வணிகர் அரசுக் கொள்முதலின் அங்கீகரிக்கப்பட்ட உறுப்பு. நீண்ட காலம் குறைந்தபட்ச ஆதரவு விலையில் 2.5 விழுக்காடு அவருக்குக் கமிஷன். அவரே கடன் கொடுப்பவர். நெல்லின் பணமும் அவர் வழியாகவே போனதால் கடனைக் கழித்துக்கொண்ட மிச்சமே விவசாயிக்குக் கிடைத்தது. 2021 ஏப்ரல் முதல் பணம் விவசாயியின் வங்கிக் கணக்குக்கு நேரே போகிறது. ஆர்த்தியா சந்தையில் தொடர்கிறார், பணப் பெட்டி மட்டும் அவர் கையை விட்டுப் போயிற்று. இன்னொன்று கணவாய்க்கு அப்பால். கேரளத்தில் மாநில அரசு நிறுவனமான சப்ளைகோவின் சார்பில் தனியார் ஆலைகளே வயலுக்கு வந்து நெல் எடுக்கின்றன. விவசாயிக்கு ஒரு ரசீது. அதைக்கொண்டு வங்கியில் பணம். ஈரம், பதர் என்று சொல்லி குவிண்டாலுக்கு இத்தனை கிலோ கழிக்கவேண்டும் என்று ஆலை கேட்பதும், குட்டநாட்டிலும் பாலக்காட்டிலும் விவசாயிகள் மறுப்பதும் பருவந்தோறும் நடக்கிறது. தரத்தை மதிப்பிடுபவரும் அந்த மதிப்பீட்டால் ஆதாயம் அடைபவரும் ஒருவராக இருப்பதே கேரளச் சச்சரவின் வேர். முகவரிடமிருந்து பணத்தைப் பிரித்தது பஞ்சாப். தராசைப் பிரிக்கத் தவறியது கேரளம். இரண்டையும் பிரிக்க நம்மால் முடியும்.

வலுவான எதிர்வாதம் இன்னொன்றும் உண்டு. ஓட்டை இருந்தால் அடைக்கவேண்டியதுதானே, நிலையங்களை அதிகமாக்கி அரசே முழுவதும் வாங்கினால் முகவருக்கு என்ன வேலை என்று கேட்கலாம். டெல்டாவுக்கு இது சரியான வாதம். ஒரே இடத்தில் பெருமளவு நெல் வரும்போது நிலையத்தின் செலவு மூட்டைக்குச் சொற்பம். சிற்றாற்றுக் கால்வாய்ப் பாசன ஊர்களிலும் சங்கரன்கோவில், சிவகிரிப் பக்கத்துக் குளத்துப் பாசன ஊர்களிலும் சில நாள் வரத்துக்காக நிலையம் திறந்து, எழுத்தர், காவலர், சுமைதூக்குவோர், சாக்கு, சணல் எல்லாம் அனுப்புவது வேறு கணக்கு. அதனால்தான் நிலையம் தாமதமாகத் திறக்கிறது, சீக்கிரம் மூடுகிறது. சமீப ஆண்டுகளில் தேசியக் கூட்டுறவு நுகர்வோர் இணையத்துக்குச் சில மாவட்டங்களில் கொள்முதல் அனுமதி தரப்பட்டதும் இந்த நிர்வாகச் சுமையை இறக்கத்தான். அங்கே பணம் தாமதமாகிறது, தனியாருக்குக் கைமாற்றி விடுகிறார்கள் என்று விவசாய அமைப்புகள் எதிர்ப்புத் தெரிவித்தன. முகவருக்குக் கீழே முகவர் என்று அடுக்கு வளர்ந்தால் பொறுப்பு எந்தப் படியில் நிற்கிறது என்று யாருக்கும் தெரியாது.

சிதறிய விளைச்சல் உள்ள தென்காசி போன்ற மாவட்டத்தில் நியமன முகவரை முற்றிலும் விலக்க முடியாது என்றால், அவரை வெளிச்சத்தில் வைக்கவேண்டும். முதலாவது, அவர் வாங்கும் நெல் களத்திலேயே அரசின் சொத்தாகப் பதிவாகவேண்டும். அவருக்கு மூட்டைக்கு நிர்ணயித்த கூலி மட்டும், விலை ஏற்ற இறக்கத்தில் பங்கில்லை. இரண்டாவது, எடையும் ஈரப்பதமும் அவரைச் சாராத ஒருவர் கையில் இருக்கவேண்டும். பணம் விவசாயியின் கணக்குக்கு நேரே போகவேண்டும். மூன்றாவது, ஓர் ஊருக்கு ஒரே முகவர் என்ற நியமனம் கூடாது. நேரடி நிலையம், ஒழுங்குமுறை விற்பனைக்கூடம், தனியார் வியாபாரி என மற்ற வழிகள் திறந்தே இருக்கவேண்டும். நான்காவது, பட்டா இல்லாத குத்தகைப் பயிராளியின் பெயரும் கொள்முதல் பதிவேட்டில் ஏறவேண்டும். இல்லாவிட்டால் மற்ற மூன்றும் நிலம் உள்ளவருக்கு மட்டுமே பயன்படும். இந்த நான்கில் எதற்கும் புதிய நிறுவனம் தேவையில்லை. அடங்கல் இருக்கிறது, வங்கிக் கணக்கு இருக்கிறது, அறுபது ஆண்டுக்கு முந்தைய தீர்ப்பும் இருக்கிறது. ஒவ்வொரு நியமன ஆணையிலும் ‘முகவர் அரசின் கணக்கில் மட்டுமே வாங்குவார்’ என்ற ஒரு விதியை எழுதி, அந்தக் கணக்கை ஊர் கிராமசபையில் ஆண்டுதோறும் படிக்கவேண்டும். அதைச் செய்ய மறுக்கும் அரசு, முகவரை நியமிக்கவும் உரிமையற்றது.